மின்சோவின் வலது பக்கத்து இதயம்

மின்சோ என் சித்தி மகன். வயது ஐம்பத்தேழு, கல்யாணம் ஆகவில்லை. நான் அவனைவிட மூத்தவள், எவ்வளவு என்று கேட்காதீர்கள். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குக் காவல்காரன், பெருக்குகிறவன், அடுப்பு மூட்டுகிறவன், மேடைத் திரையை இழுக்கிறவன் எல்லாம் அவன்தான். ஊரில் நூற்றுப் பதினோரு பேர் இருக்கிறோம். படிப்பகத்தில் நாலாயிரம் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் தொந்தரவு செய்வதில்லை. நாங்கள் ஒன்பது பெண்கள் வாரம் ஒருமுறை அங்கே கூடிப் பாடுவோம். மின்சோ அடுப்பில் விறகைப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்று கேட்பான். சுருதி தப்பினால் அவன் முகம் பல்வலி வந்தவன் முகம்போல ஆகிவிடும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் திருத்திக்கொள்வோம்.

வௌவால் விவகாரம் ஆறு வருடங்களுக்கு முன் எலியில் தொடங்கியது. படிப்பகத்தின் கூரைப் பரணில் கறுப்புக் கறுப்பாகப் புழுக்கை கிடக்கவே, மின்சோ பொறி வைத்தான். இரண்டு வாரம் வைத்தான். பொறியில் இருந்த பாலாடைக்கட்டி காய்ந்து கல்லானதே தவிர ஒரு வால்கூடச் சிக்கவில்லை. ஜூன் மாதத்து நண்பகல் ஒன்றில், வியர்வையைத் துடைத்துக்கொண்டு தலையை நிமிர்த்தினான். உத்தரத்தில் உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் காம்போடு மாட்டி வைத்த மாதிரி வரிசையாகத் தொங்கின. ஒரு பழம் திரும்பி அவனைப் பார்த்தது.

அன்று என் மளிகைக் கடைக்கு ஓடி வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அக்கா, மூக்குல லாடம் அடிச்சிருக்கு அக்கா!"

"யாருக்குடா?"

"வௌவாலுக்கு! குதிரைக் குளம்புல இருக்குமே, அதே லாடம். மூக்கைச் சுத்தி இருக்கு!"

வெயிலில் ஏறி இறங்கியதில் மூளை இளகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு தலைநகர் சோஃபியாவிலிருந்து நெவெனா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து பார்த்துவிட்டு, இவன் சொன்னது சரிதான் என்றாள். சின்ன லாடமூக்கு வௌவால் என்று பெயராம். மூக்கைச் சுற்றி லாடம்போல மடிந்த சதை. வாயை மூடிக்கொண்டு அந்த மூக்கால்தான் கூவும். நமக்குக் கேட்காது. என்னோடு பாடும் பென்காவுக்கும் இப்படி ஒரு மூக்கு இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

நெவெனா ஒரு காகிதத்தில் முத்திரை குத்தி மின்சோவைத் 'தன்னார்வப் பாதுகாவலர்' ஆக்கிவிட்டுப் போனாள். சம்பளம் கிடையாது. அவன் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்தான். அதற்கப்புறம் அவனிடம் மழை வருமா என்று கேட்டாலும் வௌவாலில்தான் கொண்டுபோய் நிறுத்துவான். ஒன்று ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை எடைதானாம். தொங்கும்போது இறக்கையைப் போர்வைபோல உடம்பு முழுக்கச் சுற்றிக்கொள்ளுமாம். மற்ற வௌவால்களுக்கு அந்த நாகரிகம் இல்லையாம். வருடத்துக்கு ஒரே குட்டி. கோடையில் சூடான பரணில் பெரும்பாலும் தாய்களும் குட்டிகளும்தான் இருக்கும். ஆண்கள் வேறெங்கோ தனியாகத் தொங்கிக்கொண்டிருப்பார்கள்.

"உன் சாதிதான்டா," என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வராது.

ஊர்க்காரர்கள் லாடத்தைக் கேள்விப்பட்டதும் விட்டார்களா? வாசலில் ஆணியடித்த லாடமே அதிர்ஷ்டம் என்றால், மூச்சு விடுகிற லாடம் எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம்! ஓட்டுநர் பரீட்சைக்குப் போகிறவர்கள் பரண் ஏறிக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். எட்டு முறை தோற்ற தச்சன் ஒருவன் ஒன்பதாவது முறையும் தோற்றான். தூங்குகிற வௌவாலைப் பார்த்ததுதான் தப்பு, விழித்திருப்பதைப் பார்த்திருக்க வேண்டும் என்றான். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

ஊர்த்தலைவர் கோலியோவோடு மின்சோ சண்டை போட்டதும் இந்த வௌவாலுக்காகத்தான். படிப்பகத்திலிருந்து ஓடைவரை போகும் வேலிப்புதரை வெட்டி, அந்த இடத்தில் கார் நிறுத்தலாம் என்று கோலியோ ரம்பத்தோடு வந்தார். மின்சோ வேலியில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டான்.

"இது போச்சுன்னா எல்லாம் பட்டினி கிடக்கும். இது திறந்த வெளியைத் தாண்டாது. வேலி ஓரமா, இடுப்பு உயரத்துலதான் பறந்து போகும். கொசுவும் அந்துப்பூச்சியும் அப்படித்தான் பிடிச்சுத் தின்னும்."

"இறக்கை இருக்குல்ல? தாண்டச் சொல்லு!"

"அதுக்குக் கூச்சம்," என்றான் மின்சோ.

கோலியோ ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், வேலி தப்பித்தது. நானும் சிரித்தேன். காரணம் வேறு. தோன்காவின் வீடு படிப்பகத்துக்கு நேர் எதிரே, ஊர்ச் சதுக்கத்தின் மறுபக்கம் இருக்கிறது. இருபது எட்டு வைத்தால் போய்விடலாம். மின்சோ ஒருநாளும் சதுக்கத்தைத் தாண்டிப் போனதில்லை. பால்பண்ணைச் சுவர் ஓரமாக, தேவாலயத்துச் சுற்றுச்சுவர் ஓரமாக, வேலிக்கு வேலி ஒட்டிக்கொண்டு, ஊரையே சுற்றித்தான் அவள் வாசல் பக்கம் போவான்.

தோன்கா யார் என்று சொல்லவில்லை அல்லவா? எங்கள் ஊர்க்காரிதான். புருஷன் செத்தபிறகு இத்தாலிக்குப் போய்ப் பதினான்கு வருடம் போலோஞாவில் வயதான பெண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் திரும்பி வந்து அப்பன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, எங்கள் பாட்டுக் கூட்டத்தில் சேர்ந்தாள். அவள் பாடும்போது மட்டும் மின்சோவுக்குப் பல்வலி வருவதில்லை. அதிலிருந்தே நான் கண்டுபிடித்துவிட்டேன்.

போன அக்டோபரில் ஊரார் முறைவைத்துப் பிளம்ஸ் சாராயம் காய்ச்சும் பொதுக் கொட்டகையில், இருவரும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தபோது, மின்சோ ஒருவழியாக வாயைத் திறந்தான். என்ன கேட்டான் என்று அவனே சொல்லி எனக்கு வரி பிசகாமல் தெரியும். 'இந்த வயசுல ரெண்டு வீட்டுல ரெண்டு அடுப்பு எதுக்கு தோன்கா? ஒண்ணே போதுமே.' நல்ல கேள்விதான், யாரும் குறை சொல்ல முடியாது. மறுநாள் முதல் மூன்று நாள் அவன் படுக்கையை விட்டு எழவில்லை. கஞ்சி கொண்டுபோனேன்.

"கேட்டேன் அக்கா. மாட்டேன்னுட்டா."

"என்னடா சொன்னா?"

"வாயைத் திறக்கல. சாராயப் பானையைப் பார்த்துக்கிட்டே தலையால சொல்லிட்டா. அப்புறம் அவ முறை வந்துடுச்சு, எழுந்து போயிட்டா."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த மாதம் முழுக்கத் தோன்காவுக்கு என் கடையில் நேற்றைய ரொட்டிதான் கிடைத்தது.

அதன் பிறகு மின்சோ பழையபடி வௌவால்களிடம் போய்விட்டான். குளிர்காலத்தில் அவை பரணை விட்டு இறங்கி, படிப்பகத்தின் அடியில் இருக்கும் நிலவறைக்கு வந்துவிடும். அங்கே உடம்பைக் கல்லைப்போலக் குளிரவிட்டு, மூச்சைக்கூட எப்போதோ ஒருமுறை விட்டுக்கொண்டு, வசந்தம்வரை தூங்கும். இருபத்துமூன்று இருந்தன. ஒன்றோடு ஒன்று தொடாமல் கை அகலம் இடைவெளி விட்டுத் தொங்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் மொழியில் வௌவாலுக்குப் 'பிரிலெப்' என்று பெயர். ஒட்டிக்கொள்வது என்றுதான் அதற்கு அர்த்தம். ஒட்டிக்கொள்வது என்று பெயரை வைத்துக்கொண்டு, பக்கத்து வௌவாலைக்கூட ஒட்டாமல் ஒரு பிராணி!

பிப்ரவரிக் கடைசியில் தோன்கா கடைக்கு வந்து, மறுபடி போலோஞா போவதாகச் சொன்னாள். மார்ச் பதினைந்தாம் தேதி பேருந்து. இன்னொரு வயதான அம்மாளுக்கு ஆள் வேண்டுமாம். அப்போது கடையில் மின்சோவும் இருந்தான். கையிலிருந்த உப்புப் பொட்டலத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனான். அவன் காசு கொடுத்து வாங்கிய உப்பு அது.

அவன் தலை மறைந்ததும், வரக் கூடாத நேரத்தில் வருவதையே வழக்கமாகக் கொண்ட பென்கா வந்தாள். விஷயத்தை ஒரே நிமிடத்தில் என்னிடமிருந்து கறந்துகொண்டாள். அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன்.

"இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? செத்த வௌவால் ஒண்ணு போதுமே! பொம்பளை கையில மூணு தடவை படற மாதிரி வெச்சா ஒட்டிக்குவா. பேரே அதுதானே, பிரிலெப்! எங்க பெரியம்மாவை எங்க பெரியப்பா அப்படித்தான் பிடிச்சார்."

"உங்க பெரியப்பாவை விட்டு உங்க பெரியம்மா ஓடிப் போனாளே?"

"ஓடினா. ஆனா முப்பது வருஷம் ஒட்டியிருந்தாளா இல்லையா?"

இதை அவள் என்னோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அன்றைக்கே மின்சோவையும் தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறாள். பாதுகாவலன் என்று சட்டம் போட்டு மாட்டியவன் ஒரு வௌவாலைக் கொல்வானா? மாட்டான். ஆனால் பிப்ரவரி கடைசி நாள் காலையில் நிலவறைத் தரையில் ஒரு வௌவால் விறைத்துக் கிடந்தது. ரோமத்தில் பனித்துளி, தொட்டால் ஐஸ். செத்தால் நெவெனாவுக்குப் போன் பண்ண வேண்டும் என்பது விதி. மின்சோ ஒருநாள் தள்ளிப் பண்ணலாம் என்று முடிவு செய்தான். ஆறு வருடத்தில் அவன் மீறிய ஒரே விதி அதுதான்.

மார்ச் முதல் தேதி எங்களுக்கு நூல் கட்டும் நாள். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் கட்டிவிடுவோம். அன்று பிற்பகல் படிப்பகத்தில் அடுப்பு சிவக்க எரிந்தது. ஒன்பது பேரும் பாடி முடித்து, நூல் கட்டிக்கொண்டிருந்தோம். மின்சோ கல்யாணத்துக்குப் போகிறவன்போல கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு, அரைமணி நேரமாக அடுப்புக்குப் பக்கத்திலேயே வியர்த்துக்கொண்டு நின்றான். பிறகு தோன்காவின் முன்னால் வந்து, கையை நீட்டச் சொன்னான். நூலைக் கட்டினான். கட்டிய கையை விடாமல் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினான். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை.

தோன்கா அவனை உற்றுப் பார்த்தாள்.

"உள்ள என்ன வெச்சிருக்கே? துடிக்குதே!"

"இதயம்," என்றான் மின்சோ.

"மின்சோ, இது வலது பக்கம்."

கோட்டின் நெஞ்சுப் பையிலிருந்து முதலில் இரண்டு காதுகள் வந்தன. காது இரண்டும் ஆளுக்கொரு திசையில் திரும்பின. பிறகு லாடம் வந்தது. பிறகு அது பறந்தது.

பென்கா பாவாடையைத் தூக்கித் தலைமுடியை மூடிக்கொண்டு பியானோவுக்கு அடியில் நுழைந்தாள். வௌவால் முடியில்தான் ஒட்டும் என்று எல்லோரும் கையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். எனக்கு ஓட முடியாது, முழங்கால். ஒரு புத்தகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். நாலாயிரத்தில் ஒன்றாவது அன்று பயன்பட்டது. வௌவால் யார் தலையையும் நாடவில்லை. சுவர் ஓரமாகத் தாழப் பறந்து இரண்டு சுற்று வந்து, மின்சோவின் கோட்டிலேயே நெஞ்சில் போய் ஒட்டி, தலைகீழாகத் தொங்கியது.

"ஐயோ, தனக்குத்தானே ஒட்டவெச்சுக்கிட்டானே!" என்று பியானோவுக்கு அடியிலிருந்து பென்கா கத்தினாள். "மூணு தடவை சரியாத்தானே தொட்டான்! தோன்கா, உன்னை ஒட்டவெக்கத்தான் பண்ணினான், வௌவாலுக்குப் புரியல!"

படிப்பகமே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கமில்லாமல். தோன்கா சிரிக்கவில்லை. மின்சோவும் சிரிக்கவில்லை. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சாகலையா நீ?" என்று வௌவாலிடம் கேட்டான். "தூங்கிக்கிட்டுத்தான் இருந்தியா? நான் எழுப்பிட்டேனா?"

உடனே நெவெனாவுக்குப் போன் பண்ணினான். அவள் போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, என்ன காரியம் பண்ணினீங்க! ஒருதடவை முழிச்சா வாரக்கணக்குல சேர்த்து வெச்ச கொழுப்பு கரைஞ்சு போகும். பூச்சி வர இன்னும் ஒரு மாசம் இருக்கு. உடனே நிலவறைக்குக் கொண்டு போங்க. விளக்கு வேண்டாம், சத்தம் வேண்டாம். மத்ததும் முழிச்சா அவ்வளவுதான். தானா ஏறித் தொங்குதான்னு பாருங்க. தொங்கிட்டா பிழைச்சுக்கும்."

மின்சோ கோட்டோடு அதைக் கைகளில் ஏந்திக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கினான். ஒரு நிமிடம் கழித்துத் தோன்காவும் இறங்கினாள். அவள் நடையைப் பார்த்தால் அறைந்துவிடுவாள் என்றே தோன்றியது. நான் படிக்கதவை ஒட்டி நின்றேன். மற்ற ஏழு பேரும் என் முதுகை ஒட்டி நின்றார்கள். உள்ளே மங்கல் வெளிச்சம். சுவரில் ஒரு சிறு துவாரம், அதுதான் வௌவால்களின் வாசல்.

அங்கே நடந்தது முழுக்க முழுக்கக் கிசுகிசுப்பில் நடந்த சண்டை. என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"உனக்கு வெக்கமா இல்ல? செத்த பிராணியைக் காட்டி என்னைப் பிடிக்கப் பாக்கறே?"

"மெதுவா தோன்கா. முழிச்சுக்கும்."

"மெதுவாத்தான் பேசறேன்! அஞ்சு மாசமா மெதுவாத்தான் இருந்தேன்! அக்டோபர்ல ஒரே அடுப்புன்னு கேட்டே. சரின்னேன். நீ அடுத்த நாளே வருவேன்னு திரைச்சீலைகூடத் துவைச்சுப் போட்டேன். நீ வந்தியா? சுவர் ஓரமாப் போறே, வரே, என் வாசலுக்கு மட்டும் வரல! இவன் குடிச்சுட்டு உளறியிருக்கான், போதையில கேட்டதுக்கு நான் ஒருத்தி காத்துக் கிடக்கறேன்னு, வேற வழியில்லாம டிக்கெட் எடுத்தேன்."

"நீ எங்க சரின்னே?" என்றான் மின்சோ.

"தலையாட்டினேனே!"

"எப்படி ஆட்டினே?"

"இப்படி."

"தோன்கா," என்றான் மின்சோ. அவன் குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இது 'இல்லை'."

எங்கள் நாட்டில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் சரி, மேலும் கீழும் ஆட்டினால் இல்லை. தொட்டில் குழந்தைக்கும் தெரியும். இத்தாலியில் நேர் எதிர். பதினான்கு வருடம் அந்த அம்மாக்களுக்கு மேலும் கீழுமாகத் தலையாட்டிப் பிழைத்தவளுக்கு, ஊருக்கு வந்ததும் நாக்கு திரும்பிவிட்டது, தலை மட்டும் போலோஞாவிலேயே இருந்துவிட்டது. இது என் மண்டையில் ஏறியபோது, ஒரு மாதம் நான் கொடுத்த காய்ந்த ரொட்டியெல்லாம் என் தொண்டையிலேயே வந்து நின்றதுபோல இருந்தது.

கீழே தோன்கா இரண்டு விதமாகவும் தலையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "கடவுளே, நான் எத்தனை பேர்கிட்ட இப்படி…" என்று முனகினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் அஞ்சு மாசம் அழுதேன்டா," என்றாள். "ஒவ்வொரு நாளும் இன்னைக்கு வருவான்னு…"

"தொங்கிடுச்சு!" என்றான் மின்சோ.

"என்னது?"

"அதோ பாரு, தானா ஏறிடுச்சு. இறக்கையைச் சுத்திக்குது. பாரு தோன்கா, போர்வையை இழுத்து மூடிக்குது!"

என் முதுகுக்குப் பின்னால் பென்கா, "மடையன்," என்று பல்லைக் கடித்தாள். முதன்முறையாக அவள் சொன்னதை நான் ஆமோதித்தேன். தன் வாழ்நாளிலேயே அவன் கேட்க வேண்டிய ஒரே வாக்கியத்தின் நடுவில் புகுந்து வௌவாலைக் காட்டுகிறான். இவன் தலைகீழாக நின்றாலும் திருந்த மாட்டான், இவள் பேருந்து ஏறத்தான் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இருவரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். பிறகு மின்சோதான் பேசினான்.

"திரும்பக் கேக்கறேன். நான் குடிக்கல இப்போ. போகாதே. என் வீட்டு அடுப்பு வேணாம்னா உன் வீட்டு அடுப்பு. எங்க வேணா. நீ போயிட்டா எனக்குக் கேக்கப் பாட்டே இல்லை. இந்தத் தடவை தலையை மட்டும் ஆட்டாதே. இந்த இருட்டுல சரியாத் தெரியாது, வாயால சொல்லிடு."

"வாயாலயா?"

"வாயால."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. நாங்கள் எட்டுப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு விலகினோம். தோன்கா மேலே வந்தாள். எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படிப்பகத்தின் வாசற்கதவை விரியத் திறந்து, முற்றத்துக்குப் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் கேட்கும்படி மேடை நடுங்கப் பாடுகிற தன் குரலில் கத்தினாள்.

"ஆமாம்! சரி! சம்மதம்!"

எதிர்ச்சரிவில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின. ஊர்த்தலைவர் கோலியோ அலுவலக ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். மின்சோ படியில் தடுக்கித் தடுக்கி ஏறி ஓடி வந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக மீசைவரை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் விரித்து அவளை நோக்கிப் போனவன், உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவா, தோன்கா," என்றான். "மெதுவாச் சொல்லு."